மாரியிலும் பனியிலும் சாடிக்கன்று வாடினால்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

எங்கள் ஒழுங்கையில் கன்றுகளுக்கு வருத்தம் வருவதற்கென்று ஒரு காலம் இருக்கிறது. ஐப்பசியில் மழை பிடித்து இரண்டு கிழமை கழிய, படலையில் யாராவது ஒரு சாடியைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்பார்கள். "அக்கா, இதுக்கு என்ன நடந்ததெண்டு தெரியேல்ல, நான் ஒவ்வொரு நாளும் தண்ணி விடுறனான்." பாதி விடை அந்த வசனத்திலேயே இருக்கும்.

கனடாவில் இருக்கும் மச்சாள் மார்கழி பிறந்தால் 'விண்டரில் கன்றுகளைக் காப்பது எப்படி' என்று காணொளி அனுப்புவார். ஹீற்றருக்குப் பக்கத்தில் வைக்காதே, இலை யன்னல் கண்ணாடியில் முட்டக்கூடாது என்றெல்லாம் இருக்கும். அந்த ஊருக்கு அது சரி. யாழ்ப்பாணத்தில் தை மாத விடியற்காலையிலும் பெரும்பாலும் 22, 23 பாகை செல்சியஸ்தான். இங்கே அந்தூரியம் குளிரில் சாவதில்லை, தண்ணீரில்தான் சாகிறது. ஐப்பசியிலிருந்து மார்கழி நடுப்பகுதி வரை தண்ணீர் கூடிப்போகிறது. பிறகு மாசி வரை வாடைக்காற்றும் கிணற்றுத் தண்ணீரின் உப்பும் சேர்ந்து வாட்டுகின்றன. அதனால் ஒரே அறிகுறிக்குக் கார்த்திகையில் ஒரு காரணம், தையில் வேறு காரணம்.

எதையும் செய்ய முன்னர்

ஒரு ஈர்க்கை எடுத்து, சாடியின் ஓரத்துக்கும் தண்டுக்கும் நடுவே, அடி தட்டும் வரை குத்துங்கள். ஒரு நிமிடம் விட்டு மெல்ல உருவுங்கள். நீளத்துக்கும் மண் ஒட்டியிருந்தால் உள்ளே நல்ல ஈரம். நுனி மட்டும் கறுத்து நனைந்து வந்தால் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. வெறும் ஈர்க்காகவே வந்தால் கன்றுக்குத் தாகம். விரலை விட்டுப் பார்ப்பதை நான் நம்புவதில்லை. வாடை அடிக்கும் நாளில் மேல் மண் ஒரு பகலில் பொருக்காகக் காய்ந்துவிடும், நாலு அங்குலம் கீழே சேறு அப்படியே இருக்கும்.

பிளாஸ்டிக் சாடி என்றால் ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். நாலைந்து நாள் தூக்கினால் ஈரச் சாடியின் பாரமும் காய்ந்த சாடியின் பாரமும் கைக்குப் பழகிவிடும். சீமெந்துச் சாடியோடு இந்த விளையாட்டு வேண்டாம், இடுப்புப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் அண்ணாந்து பாருங்கள். சாடிக்கு நேர் மேலே பீலி ஒழுகுகிறதா, ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் வழிகிறதா, விறாந்தைக்குள் தூவானம் எவ்வளவு தூரம் வருகிறது? "மழையில் வைக்கவில்லை, விறாந்தையில்தான் வைத்தேன்" என்பவர்களின் சாடிகளில் பாதி, பீலிக்குக் கீழே இருந்தவை.

இலை வாடித் தொங்குகிறது

*ஈர்க்கு காய்ந்து வந்தால்*

மாரியில் இது குறைவு, ஆனால் நடக்கும். வெளியே அடைமழை, விறாந்தையின் உள்மூலையில் இருக்கும் கன்றுக்கு ஒரு சொட்டும் விழாது. "மழைதானே பெய்யுது" என்று நாங்களும் விட்டுவிடுவோம். மேலால் ஊற்றிப் பயனில்லை. தும்புச்சோறு கூடிய கலவை ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால், ஊற்றும் தண்ணீர் ஓரத்தால் ஓடி அடியால் போய்விடும். சாடியின் அரைவாசி மூழ்கும்படி ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் வையுங்கள், பிறகு எடுத்து வடியவிடுங்கள். பின்னேரத்துக்குள் இலை நிமிர்ந்தால் கதை முடிந்தது.

*ஈர்க்கில் சேறு ஒட்டி வந்தால்*

படலைக்கு வரும் சாடிகளில் பத்துக்கு ஏழு இந்த வகை. வேர் மூச்சு முட்டித் தண்ணீர் குடிக்க முடியாமல் இருக்கிறது. வெளிப்பார்வைக்கு அது தாகம் போலவே தெரியும். வீட்டுக்காரர் இன்னொரு வாளி ஊற்றுவார், மற்ற நாள் கன்று இன்னும் தொங்கும். முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். யூரியாவும் போடவேண்டாம். வேர் இல்லாத கன்றுக்கு உரம் போடுவது, வயிற்றோட்டக்காரனுக்குக் கொத்துரொட்டி கொடுப்பது போல.

இனிக் காசு செலவில்லாததிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சாடிக்கு அடியில் தட்டு இருக்கிறதா? மார்கழி முடியும் வரை அதை எடுத்துவிடுங்கள். இரண்டு ஓட்டுத் துண்டின் மேல் சாடியை உயர்த்தி வைத்தால் அடியால் காற்றும் போகும். பாதிக் கன்றுகள் இதோடே தேறிவிடும்.

அடி ஓட்டை அடைத்திருக்கிறதா? ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியால் வரத் தொடங்கவேண்டும். வராவிட்டால் சாடியைச் சரித்து, கம்பியால் ஓட்டையைக் குத்தி விடுங்கள். வேரோ செம்மண் கட்டியோ அடைத்திருக்கும். பெயின்ற் வாளியில் நட்டவர்கள் அடியில் ஒரே ஒரு ஓட்டை போட்டிருப்பார்கள். அது தரையோடு ஒட்டி, மூடிபோட்ட மாதிரி இருக்கும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பக்கச் சுவரில், அடியிலிருந்து ஒரு அங்குலம் உயரத்தில் நாலைந்து ஓட்டை போடுங்கள். பிளாஸ்டிக் உருகும் புகையை முகர வேண்டாம், முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள்.

ஓட்டையும் சரி, தட்டும் இல்லை, ஆனாலும் மூன்று நாளாக ஈரம் குறையவில்லை என்றால் மண்தான் காரணம். கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டத்தில் தங்கம். அதை மட்டும் சாடியில் நிரப்பினால் இரண்டு மாரியில் செங்கல்லாக இறுகிவிடும். நான் போடும் கலவையில் செம்மண், பருமணல், மட்கிய மாட்டெருவோ கூட்டெருவோ ஆகிய மூன்றும் சம பங்கு, அதோடு அரைப் பங்கு உமிக்கரி. கடற்கரை மணல் எடுத்தால் ஒரு மாரி மழையில் நனைந்து உப்புக் கழியவேண்டும். தும்புச்சோற்றை மாரிக்கு முன் நட்ட சாடிகளில் குறைத்தே போடுகிறேன், அது தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இவை எல்லாம் பார்த்தும் இலை நிமிரவில்லையா? கன்றை வெளியே எடுத்து வேரைப் பார்க்கவேண்டியதுதான். பலர் பயப்படுவது இதற்குத்தான், ஆனால் பதினைந்து நிமிட வேலை.

சாடியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து உள்ளங்கையால் சுற்றிவரத் தட்டுங்கள். தண்டின் அடியைப் பிடித்து மெல்ல இழுத்தால் மண்ணோடு வரும். முதலில் மணந்து பாருங்கள். நல்ல மண் முதல் மழை மணம் மணக்கும். அழுகிய வேர் குளத்துச் சேறு போல, சில வேளை கெட்ட முட்டை போல நாறும். மண்ணை வாளித் தண்ணீரில் அலசிவிட்டு ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து இழுங்கள். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும், இழுபடாது. செத்த வேர் பழுப்பாகவோ கறுப்பாகவோ வழுவழுக்கும். இழுக்கும்போது மேல்தோல் உறைபோலக் கழன்று கையில் வரும், உள்ளே நூல் மட்டும் கன்றில் மிஞ்சும். ஒருக்கால் அந்த நூலைப் பார்த்துவிட்டால் பிறகு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

கத்தரிக்கோலை ஸ்பிரிற்றில் துடைத்துக்கொண்டு செத்த வேரெல்லாம் வெட்டுங்கள். பிறகு, மிஞ்சியது எவ்வளவு?

அரைவாசிக்கு மேல் வேர் மிஞ்சியிருந்தால்: நிழலில் இரண்டு மூன்று மணி நேரம் காயவிடுங்கள். முந்தியதைவிடச் சின்னச் சாடியில் புதுக் கலவையில் நடுங்கள். பெரிய சாடி வேண்டாம், குடிக்க ஆளில்லாத தண்ணீர்தான் அதில் நிற்கும். இலையில் மூன்றில் ஒரு பங்கைக் கழியுங்கள். இரண்டு நாள் தண்ணீர் இல்லை, புது இலை வரும்வரை உரமும் இல்லை.

அதைவிடக் குறைவென்றால் தாய்க்கன்றோடு மல்லுக்கட்டாமல் தலையை வெட்டிக் காப்பாற்றுங்கள். மணிபிளான்ட், டிரசீனா, குரோட்டன் எல்லாம் தண்டிலிருந்து துளிர்க்கும். மணிபிளான்ட் கணுவை ஒரு போத்தல் தண்ணீரில் வைத்தால் இரண்டு மூன்று கிழமையில் வேர் விடும். தண்ணீரை இரண்டு நாளுக்கொருமுறை மாற்றுங்கள், நுளம்புக் கதை கீழே வருகிறது.

இலை மஞ்சளாகிறது

*எல்லா இலையும் ஒரே கிழமையில்*: மேலே போய் 'சேறு ஒட்டி வந்தால்' என்பதிலிருந்து தொடங்குங்கள்.

*அடி இலை ஒன்றிரண்டு மட்டும்*: வயதுக்கு உதிர்வது. கிள்ளிவிட்டு வேலையைப் பாருங்கள். மாறாக அடி இலைகள் வரிசையாக வெளிறிக்கொண்டே போய், கன்று வளராமலும் நின்றால், மழை சத்தைக் கழுவிக்கொண்டு போயிருக்கும். ஈர்க்கு சொல்லும் ஈரம் குறைந்த பிறகு ஒரு கைப்பிடி மட்கிய எருவோ, ஊறவைத்துத் தெளிவெடுத்த எள்ளுப் பிண்ணாக்குத் தண்ணீரோ கொடுத்தால் போதும். பிண்ணாக்கு மணம் இரண்டு நாள் இருக்கும், விருந்தினர் வரும் கிழமையில் செய்யவேண்டாம்.

*புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை*: எக்சோராவிலும் ரோசாவிலும் மழை ஓய்ந்து, கிணற்றுத் தண்ணீருக்குத் திரும்பிய பிறகு இது தெரியும். எங்கள் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது, கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவுதான் சாடி மண்ணிலும் சேர்கிறது. மண் காரமாகும்போது அதிலுள்ள இரும்புச் சத்தை வேரால் எடுக்கமுடியாது. இலவச மருந்து மழைத்தண்ணீர். மாரியில் ஒரு பீப்பா பிடித்து, வலைத்துணியால் இறுகக் கட்டி வையுங்கள், இந்தக் கன்றுகளுக்கு மட்டும் தை, மாசியில் அதை ஊற்றுங்கள். மேல் மண்ணில் ஒரு அங்குலம் எடுத்துவிட்டு எருப் போடுங்கள். ஒரு மாதத்தில் வரும் இலையும் மஞ்சள் என்றால், இலைக்கு விசிறும் இரும்புச் சத்து விவசாய மருந்துக்கடையில் கிடைக்கும். புதுச் சீமெந்துச் சாடியில் நட்டிருந்தாலும் இதே நிறம் வரும். அடுத்தமுறை நடமுன் ஒரு கிழமை தண்ணீர் நிரப்பி, மாற்றி மாற்றி ஊறவிடுங்கள்.

அடித்தண்டு மெதுவாக இருக்கிறது

அடீனியம், கள்ளி வகை, மருள், கற்றாழை. இவற்றில் மேலே ஒன்றும் தெரியாது. இலை கொஞ்சம் சோர்ந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அடிக்கிழங்கைப் பெருவிரலால் அமத்துங்கள். நல்லது உருளைக்கிழங்கு போல இருக்கும். பழுத்த வாழைப்பழம் போல அமிழ்ந்தால் நாளைக்கென்று வைக்காதீர்கள்.

என்னிடம் ஏழு வயது அடீனியம் ஒன்று இருந்தது. கார்த்திகையில் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் தொட்டபோது ஒரு பக்கம் அமிழ்ந்தது. "பிறகு பார்ப்பம்" என்று விட்டேன். மூன்றாம் நாள் கிழங்குக்குள் விரல் போனது. அன்றிலிருந்து அடீனியமும் கள்ளியும் ஐப்பசி முதல் மழைக்கே உள்ளுக்கு வந்துவிடும்.

மெதுவான பகுதியைக் கத்தியால் வெட்டிக்கொண்டே போங்கள். வெட்டுமுகத்தில் பழுப்புப் புள்ளி, வளையம் எதுவும் இல்லாமல் முழுதும் வெள்ளையாக வரும்வரை நிறுத்தவேண்டாம். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடையுங்கள். அடீனியத்தின் பால் நஞ்சு, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வெட்டுமுகத்தில் அடுப்புச் சாம்பலோ கந்தகத் தூளோ பூசி, மழை படாத காற்றோட்டமான இடத்தில் ஒரு கிழமை காயவிட்டு, மணல் கூடிய கலவையில் நடுங்கள். அதுவரை தண்ணீர் காட்டவேண்டாம். தண்டைச் சுற்றி முழுவதும் கறுத்துவிட்டால் மேல் கொப்பை மட்டும் வெட்டி நட்டுப் பார்க்கலாம், அடி போனதுதான்.

இலையில் புள்ளி

காய்ந்த புள்ளியா, நனைந்த புள்ளியா என்பதுதான் கேள்வி. இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்.

*காய்ந்து, நடுவில் பழுப்பாக, சுற்றி மஞ்சள் வளையத்தோடு*: பெரும்பாலும் பூஞ்சணம். புள்ளி விழுந்த இலைகளை வெட்டி எரியுங்கள், சாடிக்குள் போடவேண்டாம். சாடிகளுக்கிடையில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தண்ணீரை இலையில் தெளிக்காமல் மண்ணில் ஊற்றுங்கள், அதுவும் காலையில். இரண்டு கிழமையில் புது இலைக்குப் பரவாவிட்டால் மருந்து தேவையில்லை.

*எண்ணெய் பட்ட கடதாசி போல, ஈரமாக, ஒளி ஊடுருவும் புள்ளி*: பற்றீரியா. அந்தூரியத்தில் இலை விளிம்பிலிருந்து தொடங்கும், பிறகு காம்பு மஞ்சளாகிக் கழன்றுவிடும். இதற்கு வீட்டில் செய்யக்கூடிய வைத்தியம் இல்லை. மனம் வராதுதான், ஆனாலும் அந்தக் கன்றைச் சாடி மண்ணோடு அகற்றுங்கள், பக்கத்துச் சாடிகளைத் தனியே வையுங்கள். ஐந்தாறு அந்தூரியம் இருந்து இரண்டுக்கு மேல் இப்படி என்றால், மிச்சத்தைக் காப்பாற்ற விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கவேண்டிய நேரம் இது.

ஓர்க்கிட்டில் நடுக்குருத்துக்குள் மழைத்தண்ணீர் நின்றால் குருத்து ஒரு இரவில் அவிந்துவிடும். மழை விட்டதும் கடதாசி நுனியைத் திருகி ஒற்றி எடுங்கள். வண்டா, டென்ட்ரோபியம் போன்றவை கரியிலும் சிரட்டைத் துண்டிலும் தொங்கும்வரை வேரைப் பற்றிக் கவலையில்லை.

வெள்ளையாக ஏதோ

விரலால் தேயுங்கள்.

பஞ்சுபோல நசிந்து பிசுபிசுத்தால் மாவுப்பூச்சி. கூடவே எறும்பு ஏறி இறங்கும். பூச்சி கழிக்கும் இனிப்புத் தண்ணீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும், அடுத்த சாடிக்கும் கொண்டுபோகும். கொஞ்சம் என்றால் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிற்றில் தோய்த்து ஒவ்வொன்றாகத் தொடுங்கள், இலைக் கக்கத்துக்குள்ளும் பாருங்கள். நிறைய என்றால் ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் பாத்திரம் கழுவும் திரவம் அரைத் தேக்கரண்டியும் நன்றாகக் குலுக்கி, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கத்துக்கு விசிறுங்கள். ஏழு நாளுக்கொருமுறை, மூன்று முறை. முதலில் ஒரு இலையில் அடித்து ஒரு நாள் பார்ப்பது நல்லது. மழைக்கு முன் அடித்தால் அடித்ததும் இல்லை. எறும்பை நிறுத்தச் சாடியைத் தண்ணீர்த் தட்டில் வைக்கச் சொல்வார்கள், மாரியில் அந்த யோசனை வேண்டாம்.

மாவுபோல உதிர்ந்து, கீழே இலை பச்சையாக இருந்தால் சாம்பல் நோய். பகலில் வெயிலும் இரவில் பனியும் மாறிமாறி வரும் தையில் ரோசாவில் வரும். அந்த இலைகளைக் கழித்து, காற்றும் காலை வெயிலும் படும் இடத்துக்கு மாற்றுங்கள்.

தேய்த்தால் போகாமல் கடதாசிபோல இருந்தால் வெயில் சுட்டது. மூன்று மாதம் உள்ளே இருந்த கன்றைத் தைப்பொங்கலன்று முற்றம் கூட்டிய கையோடு நேர் வெயிலில் வைத்திருப்பீர்கள். அந்த இலை திரும்பப் பச்சையாகாது. நிழலுக்கு எடுத்து, முதல் கிழமை காலை ஒரு மணி நேரம், அடுத்த கிழமை இரண்டு மணி நேரம் என்று பழக்குங்கள்.

மணல்போல நரநரத்து, இலையில் அல்லாமல் மண்ணிலும் சாடி விளிம்பிலும் இருந்தால் அது உப்பு. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

இலை நுனியும் விளிம்பும் கருகுகின்றன

தை பிறந்த பின் வருவது. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று சொல்லிப் பனியில் பழியைப் போடுவார்கள். நான் பார்த்தவரை பனி கருக்குவதில்லை, இரவுப் பனிக்குப் பிறகு பகலில் வீசும் காய்ந்த வாடைதான் மெல்லிய இலைகளைக் கருக்குகிறது. வாடை வரும் பக்கத்தில் இருக்கும் இலைகள் மட்டும் கருகியிருந்தால் காற்றுத்தான் காரணம். சுவர் மறைவுக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு சாக்கைக் கட்டுங்கள். பன்னமும் கலாதியாவும் முதலில் மறைவுக்குப் போகவேண்டியவை. மேசை மின்விசிறிக்கு நேரே இருக்கும் கன்றிலும் இதே கருகல் வரும்.

எல்லாப் பக்கமும் சமமாக நுனி கருகினால் உப்பு. தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் கிணறு சவர் என்பதால் சீக்கிரம் தெரியும். சாடியை முற்றத்தில் வைத்து, சாடி கொள்ளும் அளவைப்போல மூன்று மடங்கு மழைத்தண்ணீரை மெதுமெதுவாக ஊற்றி அடியால் போகவிடுங்கள். இதற்கு மழைத்தண்ணீர் மிச்சம் இல்லையென்றால் ஊரில் எந்தக் கிணறு நன்னீர் என்பது உங்களுக்கே தெரியும், இரண்டு கான் எடுத்துவாருங்கள். மாரி மழையில் நனைந்த சாடிகளில் இந்தக் கருகல் பிந்தி வருவதைக் கவனிக்கலாம், மழையே உப்பைக் கழுவிக் கொடுத்திருக்கும். அதனால் ஓட்டை சரியாக இருக்கும் சாடிகளை மாரியில் ஒன்றிரண்டு நாள் வேண்டுமென்றே நனையவிடுகிறேன்.

காலையில் எழும்பினால் இலை இல்லை

மினுங்கும் கோடு இருந்தால் நத்தை. இரவு எட்டு மணிக்குப் பிறகு ரோச் லைற்றோடு போனால் கையும் களவுமாகப் பிடிக்கலாம். கைவிரல் நீளத்துக்கு வளரும் ஆபிரிக்கப் பெருநத்தை மாரியில் மதில்களில் வரிசையாக ஏறும். வெறுங்கையால் தொடவேண்டாம், மூளைச் சவ்வைத் தாக்கும் புழு அதில் இருக்கலாம். பொலித்தீன் பையைக் கையில் மாட்டிப் பிடித்து, உப்புக் கரைத்த வாளியில் போட்டு, மற்ற நாள் புதைத்துவிடுங்கள். சிலர் உப்பைச் சாடியைச் சுற்றித் தூவுகிறார்கள். நத்தை சாகும், அடுத்த மழையில் கன்றும் சாகும்.

கோடு இல்லாமல் கறுப்பு மணிமணியாக எச்சம் கிடந்தால் மயிர்க்கொட்டியோ புழுவோ இலைக்கு அடியில் இருக்கும். குச்சியால் எடுத்துவிடுங்கள்.

சாடியைச் சுற்றிச் சின்னப் பறவைகள்

பறவை என்றால் எள்ளளவு கறுப்பு ஈ. மண்ணைக் கிளறினால் கிளம்பி முகத்தில் மோதும். கன்றுக்குப் பெரிய கெடுதல் இல்லை, மண் காயாமல் இருக்கிறது என்பதற்கு அறிவிப்புப் பலகை. மேல் மண்ணை ஒரு அங்குலம் காயவிட்டு, அரை அங்குலம் பருமணல் பரப்பினால் ஒரு மாதத்துக்குள் அடங்கும்.

தட்டில் நெளிவது வேறு. அது நுளம்புக் குடம்பி. டெங்கு நுளம்பு ஒரு தட்டுத் தண்ணீரில் முட்டையிட்டு, பறப்பதற்குப் பத்து நாள் போதும். தண்ணீரை ஊற்றினால் மட்டும் சரியாகாது, முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்து மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கிழமைக்கொருமுறை தும்பால் உரஞ்சிக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். மார்கழி, தை யாழ்ப்பாணத்தில் டெங்கு ஏறும் காலம். 2007ஆம் ஆண்டு முதல் நுளம்பு பெருகும் இடத்தை வைத்திருப்பவர்களுக்கு எதிராகத் தனிச் சட்டமே இருக்கிறது, சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் குனிந்து பார்ப்பது பூச்சாடித் தட்டைத்தான்.

பழுது போலத் தெரியும், பழுதில்லை

அடீனியம் மார்கழி, தையில் இலை கொட்டும். கிழங்கு இறுக்கமாக இருந்தால் விட்டுவிடுங்கள், தண்ணீரைக் குறையுங்கள். கலாடியம் மழை ஓய்ந்தபின் படுத்து மறையும், கிழங்கு உள்ளே உறங்கும். கார்த்திகைப்பூக் கொடி பூத்து முடிந்து தையில் மஞ்சளாகிக் காய்வதும் அதன் வழக்கம்தான். ஒவ்வொரு வருடமும் யாராவது செத்துப்போய்விட்டது என்று பிடுங்கி எறிகிறார்கள். கொடியை மட்டும் வெட்டி, சாடியை மழை படாத மூலையில் வைத்து, ஒட்டுத்துண்டில் பெயர் எழுதி ஒட்டுங்கள். அந்தக் கிழங்கு கடும் நஞ்சு. சின்னப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எட்டாத இடத்தில் வையுங்கள். யாராவது கடித்துவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

இன்னொன்று, கார்த்திகையில் வாங்கும் கன்றுகள். நல்லூர் சங்கிலியன் பூங்கா மலர்க்கண்காட்சியிலும் தெருவோரத்திலும் அந்த நேரத்தில் நிறையக் கன்றுகள் வரும், ஆசையில் நானும் வாங்குவேன். அவற்றில் மலைநாட்டில் வளர்ந்தவையும் உண்டு. ஒருமுறை வாங்கிய பியூசியா பங்குனி வெயில் வரை பூத்துக் குலுங்கி, சித்திரைக்கு முன் போய்விட்டது. அதில் என் பராமரிப்புக் குற்றம் ஒன்றும் இல்லை, இது அதன் ஊர் இல்லை. வாங்கும்போதே "இது எங்கே பதியம் போட்டது?" என்று கேளுங்கள்.

எப்போது ஆளைத் தேடுவது

ஒரு மணிபிளான்ட்டுக்காக யாரையும் அலைக்கழிக்க வேண்டியதில்லை. ஒரே அறிகுறி ஒரு கிழமைக்குள் மூன்று நாலு சாடிக்குப் பரவினால், பற்றீரியா என்று சந்தேகப்பட்டால், சமையலுக்குப் பறிக்கும் கறிவேப்பிலைக்கோ ஒட்டுத் தேசிக்கோ மருந்தடிக்க நினைத்தால், அல்லது வேப்பெண்ணெய் மூன்று முறை அடித்தும் பூச்சி குறையாவிட்டால் கேளுங்கள். உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியர் இருப்பார். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். மருந்துக்கடையில் "எல்லாப் பூச்சிக்கும் இது" என்று எடுத்துத் தரும் போத்தலை விறாந்தையிலோ அறைக்குள்ளோ அடிக்கவே வேண்டாம்.

போகும்போது முழுதாகக் கருகிய இலையைக் கொண்டுபோனால் அவர்களாலும் ஒன்றும் சொல்லமுடியாது. பாதி நல்லதும் பாதி கெட்டதுமான இலை ஒன்று, வேர் ஒரு துண்டு, இலையின் அடிப்பக்கத்தைப் போனில் எடுத்த படம், இவை போதும். இலையைக் காய்ந்த கடதாசியில் சுற்றி எடுங்கள், பொலித்தீனுக்குள் போட்டால் பஸ்ஸில் போகும் வழியிலேயே அவிந்துவிடும். எத்தனை நாளுக்கொருமுறை, எந்தக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று முதல் கேள்வி வரும். உண்மையைச் சொல்லுங்கள்.